எல்லையற்ற வீடு

“மனித வரலாற்றில் முதன்முறையாக, வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த எல்லை இந்த இடத்தில் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை உலகத்தார் யாவருக்கும் இதன் மூலம் அறிவிக்கிறோம்.”

ஸ்நெஷ்னிக் மலையடிவாரத்தில் சிரில் கட்டியிருந்த நான்கு விடுமுறை வீடுகளின் முகப்பில் இந்தப் பலகை தொங்கியது. வாசகம் தலைநகர் லூப்லியானாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் காஷ்பெருடையது. ஆணி சிரிலுடையது.

நான்கும் மரப்பொந்து வடிவில் இருந்தன. உருண்டைச் சுவர்கள், சுவருக்குள் ஆட்டு ரோமம், சுவரெங்கும் வீடு மூச்சுவிடுவதற்கென்று வட்ட வட்டமாகத் துளைகள். மரஅறுவை ஆலை மூடிய பிறகு சிரிலுக்கு மிச்சமிருந்தது இவைதான். அதிலும் ஒரு சிக்கல். காட்டுக்குள் கட்டியதால் தற்காலிக அனுமதிதான் கிடைத்திருந்தது. அரசின் பசுமைக் குழு இன்று பார்வையிட்டுத் தரச்சான்று கொடுத்தால் வீடுகள் நிற்கும். கொடுக்காவிட்டால் பனி விழும் முன் பிரித்துப் போட வேண்டும். குழுவின் அதிகாரி எர்னா மாலை ஐந்து மணிக்கு வருவதாகத் தகவல்.

காலையிலிருந்து சிரிலுக்கு உட்கார முடியவில்லை. மூன்றாம் வீட்டின் சுவருக்குள் ஏதோ சரசரத்தது. தட்டினால் நின்றது. நகர்ந்தால் மறுபடி சரசரத்தது. சுவரை ஏழு முறை சுற்றிவந்து, ஓடிப்போய் மச்சான் லுத்விக்கைக் கூட்டிவந்தான்.

லுத்விக் காது வைத்துக் கேட்கவில்லை. மூக்கை வைத்து முகர்ந்தான்.

“மச்சான், சுவத்துல என்ன தடவின?”

“வால்நட் எண்ணெய். கொஞ்சம் பேரிக்காய்ச் சாராயம் கலந்து. வார்னிஷ் வேணாம், விஷம்னு காஷ்பெர் சார் சொன்னாரு.”

“சரி. தூங்கெலி பிடிக்கிற பெட்டியில நாம என்ன தடவுவோம்?”

சிரில் தரையைப் பார்த்தான். அணிலா எலியா என்று அதற்கே தெரியாத, புசுபுசு வாலுள்ள, குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற அந்தப் பிராணியைப் பெட்டி வைத்துப் பிடித்துக் குழம்பு வைப்பது அந்த ஊரில் பரம்பரை பரம்பரையாக நடக்கிற காரியம். சிரில் பத்து வயதிலிருந்து பெட்டி வைக்கிறவன்.

“வால்நட் எண்ணெய்…” என்றான். “கொஞ்சம் பேரிக்காய்ச் சாராயம்.”

“பெட்டியில ஓட்டை எவ்ளோ பெருசு?”

“இதே அளவுதான்.”

“அப்போ தடவும்போது உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“படிச்சவருடா. வட்டக் கண்ணாடி வேற போட்டிருந்தாரு. ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

“ரெண்டு நாள் பொறு. ஒண்ணாம் தேதி வேட்டை தொடங்குது. மொத்தத்தையும் வழிச்சு ஒரே சட்டியில போட்டுடலாம்.”

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு வர்றாங்கடா!”

“அப்போ இன்னிக்குத் தொட்டா ஜெயிலு. வேட்டை தொடங்குற வரைக்கும் அதுங்க ராஜா.”

நான்கு மணிக்கு வந்து சேர்ந்த காஷ்பெர், சரசரப்பைக் கேட்டதும் வெளுத்துப்போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சிரில், இதைச் சத்தம்னு சொல்லாதீங்க. கட்டடம் சுவாசிக்குது.”

“சளி பிடிச்சிருக்கோ சார்?” என்றான் லுத்விக்.

எர்னா ஆறரைக்குத்தான் வந்தார். அதுவரை சிரில் பாதைக்கும் வீட்டுக்குமாக நடந்ததில் புல் படுத்துவிட்டது. சேறு அப்பிய பூட்சோடு இறங்கிய எர்னா, காஷ்பெரின் பேச்சைப் பாதி கேட்டார். மீதியைக் கொட்டாவியால் சமாளித்தார். மூன்றாம் வீட்டுக்குள் போனதும் கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் பேசாம இருங்க.”

இருட்டத் தொடங்கியிருந்தது. தூங்கெலிகளுக்கு அதுதான் காலை. முதல் துளையில் ஒரு மூக்கு முளைத்தது. இரண்டாவதில் இரண்டு. பிறகு சுவர் முழுக்க மீசையாயிற்று. சிரில் கண்ணை மூடிக்கொண்டான். போச்சு, பனிக்கு முன் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டியதுதான். நன்றாகக் கொழுத்த ஒன்று குதித்து காஷ்பெரின் தோளில் உட்கார்ந்தது. எல்லையை ஒழித்த மனிதர் “ஐயோ அம்மா!” என்று மேசை மேல் ஏறி நின்றார்.

“சுவாசம் வெளிய வந்துடுச்சு சார்,” என்றான் லுத்விக்.

எர்னா டார்ச்சை அடித்தார். ஆட்டு ரோமத்துக்குள் ஒரு தாய், சுற்றி ஏழு குட்டிகள்.

“மத்த வீட்லயும் இருக்கா?”

“இருக்கு மேடம்,” என்றான் சிரில். பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை. “நாலுலயும் அதே எண்ணெய்தான்.”

எர்னா நீண்ட நேரம் எழுதினார். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இயற்கையோட இணைஞ்ச வீடுன்னு சொல்லாதவங்க கிடையாது. போய்ப் பார்த்தா ஒரு எறும்பு இருக்காது. இதுக்கு முதல் தரச் சான்று. இந்த நாலையும் இனிமே யாரும் பிரிக்க முடியாது.”

சிரில் அழுதுகொண்டே லுத்விக்கைக் கட்டிப்பிடித்தான். லுத்விக்கே மூக்கை உறிஞ்சினான். காஷ்பெர் மேசையிலிருந்து இறங்கி, “இதைத்தான் நான் ஆரம்பத்துலருந்தே திட்டமிட்டேன்,” என்று தொடங்கி, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் எர்னா, பேனாவை மூடியபடி. “சான்று வாழிடத்துக்குத்தான், விடுதிக்கு இல்ல. மனுஷங்க உள்ள வரக்கூடாது.”

மறுநாள் நான்கு வீடுகளையும் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள்.