ஒரு டின் கனமுள்ள சுவர்

எல்லாருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் கொஞ்சம், அண்ணனிடம் கொஞ்சம் என்று பிரித்துச் சொன்னால் நம் வீட்டில் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும். கடையிலிருந்து அறைக்கு இருபது நிமிட நடை. நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. எங்காவது தப்பாக எழுதியிருந்தால் அண்ணி சரிசெய்து அம்மாவுக்குப் படித்துக் காட்டவும்.

இன்றோடு என் சோதனைக் காலம் முடிந்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்ல மாட்டேன். அண்ணன் உடனே கடைசி வரிக்குத் தாவக்கூடாது.

கடையில் அப்படி என்னதான் வேலை என்று சித்தப்பா கேட்டாராம். அலமாரியை நிரப்புவதுதான். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால். வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் தோள்வரை கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்துதான் எடுப்பார்கள். நாம் அடுக்குவோம், அவர்கள் கலைப்பார்கள், மறுபடி அடுக்குவோம். ஷாம்பு வரிசையில் யாரோ உறைந்த பட்டாணியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பட்டாணி வேண்டாம் என்று எந்த இடத்தில் மனம் மாறியதோ அந்த இடத்திலேயே இறக்கிவிடுவது. மூன்று மாதத்தில் மனிதர்களைப் பற்றி நான் கற்றது பெரும்பாலும் தவறான இடத்தில் கிடந்த பொருள்களிடமிருந்துதான்.

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தக் குணம் இந்த வேலைக்கு வரம். தேதியை மூன்று தடவை பார்ப்பேன். ஒரு டின்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்காது. இதில் நான் கெட்டிக்காரி. என் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்.

கடையில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் மேனேஜர். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பதற்கு முன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் ஆர்டர் போடும் அக்கா. எல்லாரும் அவரை ஸ்கேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அலமாரி ஓரமாக நடந்துகொண்டே, எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணாலேயே அளந்து, எத்தனை பெட்டி வேண்டும் என்று தட்டிக்கொண்டே போவார். நிற்க மாட்டார், எண்ண மாட்டார். பதினோரு வருடமாக அப்படித்தான். ஒரு அலமாரிகூடக் காலியானது கிடையாதாம்.

போன வியாழக்கிழமை, குழந்தைப் பொருள் வரிசையைப் பார்ப்பவர் லீவு. மேனேஜர் என்னை அங்கே போகச் சொன்னார். பால் பவுடர், டயபர், வெட் வைப்ஸ், பாட்டில். எனக்கு நான்கே நாள் பாக்கி, இதில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சரக்கு குறைவாகத்தான் இருந்தது. இருந்ததையெல்லாம் அலமாரியின் விளிம்புக்கு இழுத்தேன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, இடைவெளியே தெரியாமல் தோளோடு தோள் ஒட்டி நிறுத்தினேன். நூல் பிடித்தமாதிரி நின்றது. பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் தகரம். ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் சுவர் எழுப்பினதுபோல இருந்தது.

மேனேஜர் வந்து நின்று பார்த்தார்.

"இது யாரு அடுக்குனது?"

"நான்தான் சார்."

"கல்யாண வீடு மாதிரி இருக்கே."

அந்தப் போட்டோவைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். அண்ணி இதயம் போட்டிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கேனர் அக்கா வழக்கம்போல அந்த வழியாக நடந்து போனார். நான் பக்கத்து வரிசையில்தான் இருந்தேன். மெஷினில் விரல் படும் சத்தம் மற்ற இடங்களில் கேட்டது, அந்த வரிசையில் கேட்கவில்லை. நிறைந்த அலமாரிக்கு யார் ஆர்டர் போடுவார்கள். அவர் கடந்து போனபோது என்னைப் பார்த்து, "ஜோரா இருக்கு பொண்ணு" என்றார். நானும் பல்லைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை போடும் ஆர்டர் செவ்வாய்க்கிழமைதான் வரும். நடுவில் வண்டி கிடையாது.

சனிக்கிழமை கூட்டம். பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். புது அப்பாக்களை எனக்கு இப்போது தூரத்திலேயே தெரியும், டின்னின் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர்போல நிற்பார்கள்.

"இதே இதுதான் வேணும். வேற குடுத்தா குழந்தை துப்பிடுது."

திரும்பிப் பார்த்தேன். அந்த டின் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்திலும் இல்லை. சின்ன அளவு டயபரும் இல்லை. ஒரு டின் எடுத்தால் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும் அல்லவா. என் சுவரில் அது இல்லை. ஒரே காலையில் முழுதும் இறங்கிவிட்டது.

கிடங்கில் தேடினேன், இல்லை. என் சுவர் செய்த வேலைதான் இது என்று புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் பயத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருந்துக் கடைக்குப் போன் போட்டேன். அதே டின் இரண்டு இருந்தது. எடுத்து வைக்கச் சொன்னேன்.

"நீல போர்டு போட்ட கடை. பால் பவுடருக்குச் சொல்லி வச்சிருக்குன்னு கேளுங்க, எடுத்துக் குடுப்பாங்க."

"தேங்க்ஸ்ங்க. வெறுங்கையோட போனா வீட்ல என்னை வெளியவே நிக்க வச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

கிடங்குக்குத் திரும்பியபோது அங்கே மேனேஜரும் ஸ்கேனர் அக்காவும் நின்றுகொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியிலேயே குரல் கேட்டது.

"ஒரு பெட்டிகூடப் போடலியே நீங்க. சைபர்னு இருக்கு. இப்ப சொல்லிச் சேத்தாலும் செவ்வாய்க்கிழமை வண்டிலதான் வரும், அதுவரைக்கும் நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?"

"அலமாரி நிறைஞ்சு இருந்துச்சு சார். நான் என் கண்ணால பாத்தேன்."

"கண்ணாலதான் பாக்குறீங்க, அதான் பிரச்சனையே. எண்ணிப் பாருங்கன்னு எத்தனை தடவ சொல்றது? வயசாகுதுல்ல, கண்ணும் கொஞ்சம்..."

அக்கா மெஷினை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத மெஷினை.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் வெளியிலேயே நின்றேன். யாருக்கும் தெரியாது. நான் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை, அழகாக அடுக்கியதற்காக யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. நான் திங்கட்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் கடையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

உள்ளே போனேன்.

"சார், அக்கா கண்ணு சரியாத்தான் இருக்கு. அவங்க பாத்தது நான் காட்டுனதத்தான்."

இருவரும் திரும்பினார்கள். சொன்னேன், எல்லாவற்றையும். இழுத்து நிறுத்தியது, பின்னால் வெறும் தகரம் இருந்தது, ஆர்டர் கண்ணால் போடுகிறார்கள் என்பது தெரிந்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்காதது.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "நான் வேற கல்யாண வீடுன்னு சொல்லித் தொலச்சேன்."

ஸ்கேனர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினோரு வருஷம். சரக்கு வண்டிக்காரன் ஏமாத்திப் பாத்தான், முடியல. மூணு மாசக் குட்டி நீ ஏமாத்திட்ட."

"ஏமாத்தணும்னு பண்ணலக்கா."

"அதாண்டி கோவமே. நெனச்சுப் பண்ணிருந்தா ஒரு மரியாதயாவது இருந்திருக்கும்."

மேனேஜர் போனபிறகு அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வரிசைப் பக்கம் நடந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். பிஸ்கட் வரிசையில் நின்று, "அக்கா, இனிமே இப்படிப் பண்றேன்" என்று ஒரு பாக்கெட்டை எடுத்துப் படுக்க வைத்தேன். முன்னால் எவ்வளவு அழகாக நின்றாலும், பின்னால் சரக்கு இல்லையென்றால் வரிசையின் ஓரத்தில் ஒன்று படுத்திருக்கும். நடந்து போகிறவர் நிற்க வேண்டாம், எண்ண வேண்டாம். படுத்திருப்பதைக் கண்டால் தட்டினால் போதும்.

அக்கா அதைப் பார்த்தார். நான்கு அடி பின்னால் போய், வழக்கமான வேகத்தில் நடந்து வந்து மறுபடி பார்த்தார்.

"இந்தக் கடையில வேலை நேரத்துல படுக்குறதுக்கு இது ஒண்ணுக்குத்தான் அனுமதி" என்றார். அத்தோடு கோபம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அன்று முழுவதும் என்னை, "சுவர் கட்டுற மேஸ்திரி" என்றே கூப்பிட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் ஆறு வரிசையிலும் இரண்டு பேருமாகப் படுக்க வைத்து முடித்துவிட்டோம். மேனேஜரும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போனார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பில் போடும் அண்ணன் படுத்திருந்த உப்புப் பாக்கெட்டை எழுப்பி நிற்க வைத்துவிட்டு அக்காவிடம் திட்டு வாங்கினார்.

இன்று மதியம் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நாற்காலியை இழுத்தால் கதவு திறக்காது. மேஜைமேல் என் பெயர் போட்ட தாள் இருந்தது. கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"உன் வேலையில குறை ஒண்ணும் இல்ல. ஆனா சனிக்கிழமை நடந்தது சின்ன விஷயம் இல்லம்மா. இன்னும் ஒரு மாசம் நீட்டலாம்னு நினைக்கிறேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து அண்ணிக்குப் போன் போட்டு அழுவேன். இன்று என்னவோ, நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"சார், அந்த ஒரு மாசத்துல எதப் பாக்கணும்னு நினைக்கிறீங்க?"

"அந்தத் தப்பு மறுபடி வருதான்னு."

"அது வராது சார். அத அன்னிக்கே அடைச்சாச்சு, நீங்களே நடந்து பாத்தீங்க. வேற தப்பு வரும். கண்டிப்பா வரும். ஆனா அதப் பாக்க ஒரு மாசம் பத்தாது சார், ரொம்ப நாள் வச்சிருக்கணும்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், அப்புறம் சிரித்தார்.

"இத யாரு சொல்லிக் குடுத்தா, ஸ்கேனரா?"

"அவங்க சனிக்கிழமைலேந்து மேஸ்திரின்னுதான் சார் கூப்பிடுறாங்க. வேற ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

"அவங்க என்கிட்ட வேற சொன்னாங்க. உன்னை அனுப்புறதா இருந்தா, அந்த மெஷினையும் சேத்து வாங்கிக்கங்கன்னாங்க."

இது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை அந்த அக்கா. மேனேஜர் பேனாவைத் தேடினார், மேஜையில் இல்லை, சட்டைப்பையில் இல்லை. என் ஏப்ரனில் இருந்ததைக் கொடுத்தேன். அதை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தால், குழந்தைப் பொருள் வரிசையில் ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு காலி அலமாரியைப் பார்த்து நின்றிருந்தார். இடுப்பிலிருந்த பிள்ளை ஏற்கெனவே அழத் தயாராக இருந்தது.

"என்னங்க, கடைய மூடப் போறீங்களா? ஒண்ணுமே இல்ல?"

"இல்லங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி வரும். எட்டு மணிக்கு வாங்க, எடுத்துத் தரேன். நான் இங்கதான் இருப்பேன்."