சபையின் ஒரே நோயாளி

1

இந்தக் கதை ஒரு தீர்மானத்திலிருந்து பிறந்தது. வலியசாலை சன்மார்க்க சாஸ்திரீய சர்வாரோக்கிய சபையின் நிர்வாகக் குழு கூடி, காலஞ்சென்ற காரியதரிசியின் ஜீவிய சரித்திரத்தை அவர் மனைவியே எழுதினால் உருக்கமாக இருக்கும் என்று ஏகமனதாக முடிவு செய்தது. அந்த மனைவி நான். தலைவர் பிச்சுமணி ஐயர் நேரில் வந்து சொன்னார்.

“நாலு பக்கம் மதி, அதுக்கு மேலே வேண்டாம். ஜனனம், படிப்பு, சேவை எல்லாம் விஸ்தாரமா வரணும். மரணம் ஒரு சின்ன விஷயமாக்கும். அதை ரெண்டு வரியிலே தள்ளிடுங்கோ.”

உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

நோயில்லா வாழ்க்கையின் தூதராக விளங்கிய என் கணவர், நோயுற்று—

அடித்தேன். அடுத்தது:

சுத்தமான காற்றைத் தேடி வித்துரா மலைக்குப் போன அவர், அங்கிருந்து கொண்டுவந்த காய்ச்சலால்—

அதையும் அடித்தேன். சரித்திரம் எனக்கு வராது. கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதையில் ஒரு சௌகரியம் உண்டு: பிச்சுமணி ஐயர் படிக்க மாட்டார். கதை படித்தால் மூளை சூடாகிப் பித்தம் ஏறும் என்று அவரே சபையில் ஒரு கட்டுரை வாசித்திருக்கிறார்.

2

கதாநாயகனுக்கு ஸ்ரீகண்டன் என்று பெயர் வைக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. அவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, காகிதத்தில் எழுதினாலும் பக்கத்து அறையிலிருந்து “என்ன?” என்று கேட்டுவிடுவாரோ என்று கை நிற்கிறது. ஸ்ரீகண்டன் என்றால் கை ஓடுகிறது. யாரோ ஒருவர். சயன்ஸ் வாத்தியார். கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம் போடுகிறவர்.

(மனைவியின் பெயர் பாகீரதி. அதை மாற்றவில்லை. மாற்றிப் பார்த்து என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.)

3

சபையின் பெயர் ஏன் அத்தனை நீளம் என்றால், மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. சன்மார்க்கம் பிச்சுமணி ஐயருடையது. ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசில் பென்ஷன் வாங்கியதும் அவருக்கு அதில் நாட்டம் வந்தது. ஆரோக்கியம் பகவதிப்பெருமாள் பிள்ளையுடையது. நாஞ்சில் நாட்டுக்காரர், சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, கூட்டங்களுக்குச் சுண்டல் அவர் உபயம். நடுவில் இருக்கும் சாஸ்திரீயம் ஸ்ரீகண்டனுடையது. மற்ற இரண்டையும் அவர்தான் ஒட்டவைத்தார்.

அவர் சித்தாந்தம் எளிது. உடம்பும் மனசும் ஒரே யந்திரம். மனசில் ஒரு பொய் விழுந்தால் உடம்பில் எங்காவது ஒரு சக்கரத்தின் பல் உடையும். ஆகையால் மருந்து கூடாது. பொய்யைக் கண்டுபிடித்து எடுத்தெறிந்தால் போதும். மூலிகைக் கஷாயம் குடிக்கலாம். கடையில் விற்கிற ரசாயன மருந்து நாக்கில் படாது என்று எல்லாரும் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். நோய் வந்தவர் சபையில் எழுந்து, தான் சொன்ன பொய் எது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் பிள்ளை மூன்று தடவை தும்மிவிட்டார்.

“பொய் எது, பிள்ளைவாள்?” என்றார் பிச்சுமணி ஐயர்.

“வேய், மூக்குப்பொடியாக்கும்.”

“சபை நியமம்.”

பிள்ளை சுற்றிப் பார்த்தார். “போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மைகிட்ட, இந்தச் சேலை சாயம் போகாதுன்னு சொன்னேன்.”

“போகுமோ?”

“இப்பம் போயிருக்கும்.”

அதற்குப் பிறகு சபையில் நோய் வெகுவாகக் குறைந்தது. ஒருவரும் இருமவில்லை, தும்மவில்லை. அந்த வருஷத்து அறிக்கையில் ஸ்ரீகண்டன் இதைப் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார்.

[இந்த இடத்தில் வாசகர் அவரைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கலாம். நானும் சிரித்தேன், அவர் எதிரிலேயே. ஆனால் அவர் மோசக்காரர் இல்லை. தான் சொன்னதை முழுக்க நம்பினார். இந்தப் பாத்திரத்தை எழுதுவதில் எனக்குள்ள கஷ்டமே அதுதான்: மோசக்காரராக இருந்திருந்தால் கதை சுலபம், ஆளும் பிழைத்திருப்பார்.]

4

சபைக்கு ஓர் ஆரோக்கிய ஆசிரமம் கட்ட இடம் பார்க்க அவர் வித்துராவுக்குப் போனார். மலைக்காற்று, அருவித் தண்ணீர், பொய் சொல்ல ஆளில்லாத இடம். கொசு இருந்தது. அதை அவர் குறிப்பில் சேர்க்கவில்லை.

திரும்பிவந்து சில நாளில் ஆண்டு விழா. மேடையில் ‘உண்மையே உடலின் உரம்’ என்று பேச ஆரம்பித்தவருக்குப் பாதியில் நடுக்கம் வந்தது. பற்கள் தந்தியடித்தன. மேஜை ஆடி, மேஜைமேல் தண்ணீர்ச் செம்பு ஆடியது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். இத்தனை ஆவேசத்தை அந்த மண்டபம் பார்த்ததில்லை. மாலை போட வந்த பிள்ளை அவர் கழுத்தைத் தொட்டுவிட்டு உரக்கச் சொன்னார்:

“சாமிக்க மேலு கொதிக்குவே! சத்தியத்துக்க சூடு!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் மட்டும் கைதட்டவில்லை. சத்தியத்துக்குப் பல் கிட்டாது என்பது எனக்குத் தெரியும்.

5

ஒருநாள் காய்ச்சல், மறுநாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடி குளிர். இரண்டு கம்பளிக்குள்ளிருந்து அவர் கேட்டார்:

“நான் எங்கே பொய் சொன்னேன்? யோசிச்சுச் சொல்லு, பாகீரதி.”

“நீங்க பொய் சொல்லுவேளோ? கொசு கடிச்சுது, அவ்வளவுதான்.”

“கொசு எல்லாரையும்தான் கடிக்கறது. என்னை மாத்திரம் ஏன் படுக்கவச்சுது? சயன்ஸ் அந்த இடத்திலே நின்னுடறது. அதுக்கு அந்தப் பக்கம் சன்மார்க்கம்.”

வாதாடிப் பயனில்லை. ஒரு பொய்யைத் தேடிக் கொடுத்தேன். “கல்யாணத்துக்கு மறுநா எங்காத்துத் தேங்காய்ச் சேவை பிரமாதம்னேளே.”

“பிரமாதமா இல்லையா?”

“புளிச்சுப் போயிருந்துது. உங்க மூஞ்சி போன போக்கை நான் பார்த்தேனே!”

அவர் முகம் தெளிந்தது. “அதான். அதேதான்!”

பிச்சுமணி ஐயரை வரவழைத்துச் சேவை விஷயத்தை முறைப்படி ஒப்புக்கொண்டார். மறுநாள் காய்ச்சல் இல்லை. ஐயர் வெற்றி என்றார். அதற்கு மறுநாள் கட்டில் ஆடியது.

“இன்னொண்ணு இருக்கு. தேடு.”

தேடினோம். என் அண்ணன் பாட்டைப் புகழ்ந்தது. ஹெட்மாஸ்டர் நாயைப் புகழ்ந்தது. ஒவ்வொரு பொய்க்கும் ஒருநாள் சுகம். சித்தாந்தம் சரியாகப் பாதித் தடவை பலித்தது. பாதி என்பது சயன்ஸில் லேசான விஷயமில்லை என்றார் அவர். எங்கள் வீட்டில் அத்தனை சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் விட்டபோது அவர் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளானார், சிரிப்பதற்கு அவருக்கு மூச்சு போதாமல் போய்க்கொண்டிருந்தது.

6

கிள்ளியாற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் ஞானையன் வீடு. கம்பவுண்டர். வாயாடி. துவைக்கிற துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கொல்லைப் பக்கமாகப் போனேன். வாழைக்குப் பின்னாலிருந்து பிச்சுமணி ஐயர் வந்தார். அங்கவஸ்திரத்துக்குள் புட்டி துருத்திக்கொண்டிருந்தது.

“நீங்களா! ஒரு துளசிக்கன்னு கேக்க வந்தேன்” என்றார்.

வேதக்கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர் ஞானையன் கொல்லையில் துளசி.

“நானும் அதுக்குத்தான் வந்தேன்” என்றேன்.

“துளசி ரெண்டு பேருக்கும் இருக்கு” என்றார் ஞானையன், முகம் மாறாமல்.

ஐயர் போனபின் அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். “உங்க சபைக்காரங்க ஒராள் பாக்கியில்லம்மா. சபைப் பேருல ஆரோக்கியம் இருக்குல்லா, அதைக் கலக்கிக் குடுக்கது நானாக்கும்.”

“எங்காத்துக்காரர் வந்திருக்காரா?”

சிரிப்பு நின்றது. “அவரு மட்டும் வரல்ல. மேடையில வெறைக்கதைக் கண்ட அன்னைக்கே விளங்கிற்று. மலைக் காய்ச்சலும்மா, வச்சிட்டு இருக்கப்பிடாது.” கொயினா என்கிற குவினைன் பொடியை மடித்துக் கொடுத்தார். “கசக்கும். சொல்லாம குடுக்க முடியாது, கேட்டியளா.”

7

(இதுதான் நான் சொன்ன பெயர் மாற்றம். முதல் பிரதியில் மனைவிக்குச் சூடாமணி என்று பெயர் வைத்தேன். சூடாமணி நேரே சபைக்குப் போனாள். பிச்சுமணி ஐயரின் அங்கவஸ்திரத்தை விலக்கிப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இதுவோ உங்க துளசி?” என்று கேட்டாள். பிரமாதமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

பாகீரதி வீட்டுக்கு வந்து, கட்டில் காலடியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துக் கேட்டாள்:

“சபையிலே யாராவது ரகசியமா மருந்து சாப்பிட்டா என்ன பண்ணுவேள்?”

“சாப்பிட மாட்டா.”

“சாப்பிட்டான்னு வச்சுக்கோங்கோ.”

“அப்போ இத்தனை வருஷம் நான் எதுக்காக இருந்தேன்?”

சூடாமணியால் இதற்குப் பதில் சொல்ல முடிந்திருக்குமா? நிலவேம்பு கொதிக்கவைக்க எழுந்துபோனேன். அதுவும் கசப்புதானே, பொடி தெரியாது.

8

அன்று நல்ல மழை. கஷாயத் தம்ளரை அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். சயன்ஸ் வாத்தியார் நாக்கு.

“பாகீரதி, இதிலே—”

கேள்வியை முடிக்கவில்லை. முடித்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்; அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு, “ரொம்பக் கசக்கறது. உள்ளே வெல்லம் இருந்தா கொஞ்சம் கொண்டுவா” என்றார்.

போனேன். வெல்லக்கட்டி ஈரத்தில் இளகி டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து வந்தேன். தம்ளர் காலி. கட்டிலை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தது. அது முன்பே திறந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். வெளியே மண் முழுக்க மழைத்தண்ணீர்.

“குடிச்சாச்சு” என்றார்.

வெல்லத்தைப் பாதி கடித்து, மீதியை என் கையில் வைத்தார்.

மறுநாள் மாலை நினைவு தப்பியது. விடியுமுன் போய்விட்டார்.

9

ஞானையனிடம் கேட்டேன். “ஒத்த வேளை மருந்துல ஒண்ணும் தெரியாதும்மா. குடிச்சாலும் குடிக்காட்டாலும் இந்நேரத்துக்கு ஒண்ணுதான்” என்றார். சயன்ஸ் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

அனுதாபக் கூட்டத்தில் பகவதிப்பெருமாள் பிள்ளை வெகுளியாக ஒரு கேள்வி போட்டார்: “வேய், அப்பம் செத்தவருக்க பொய் எது?”

பிச்சுமணி ஐயர் கச்சேரி அனுபவத்தால் சமாளித்தார். ‘காரியதரிசி பதவி வகிப்போருக்கு மேற்படி நியமம் பொருந்தாது’ என்று அங்கேயே ஒரு திருத்தம் நிறைவேறியது. மருந்தின் வாசனையே அறியாத உத்தமர் தாமே விரும்பி உடலை உதறினார் என்று அதற்கு ஒரு பின்குறிப்பு. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். யார் யார் எந்தப் புட்டியால் எழுந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

10

சபைக்கு ஒருவழியாக நாலு பக்கம் தயார். ஜனனம், படிப்பு, சேவை விஸ்தாரமாக. மரணத்துக்கான இரண்டு வரி பாக்கி.

முடிவு ஒன்று: ஸ்ரீகண்டன் தெரிந்தே குடித்தார். விளக்கைத் தொட்டுச் செய்த சத்தியத்தை உடைத்தார். பிழைக்க விரும்பினார், என்னோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க விரும்பினார்.

முடிவு இரண்டு: ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார். நாள்கணக்காகத் தேடியும் கிடைக்காத அந்தப் பொய்யை, கடைசியில் என் மனசு நோகாமலிருக்க ஒரே வார்த்தையில் சொன்னார்.

மூன்றாவதாக, ஒன்றும் தெரியாமலே குடித்தார் என்று எழுதிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.

எனக்கு எது வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நான் எழுதக் கூடாது. நான் எழுதினால் அது வேண்டுதல் ஆகிவிடும். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. சபையில் உறுப்பினர் இல்லை. எந்தப் பக்கமும் உங்களுக்கு ஆசை கிடையாது.

மழை பெய்கிறது. தம்ளர் அவர் கையில் இருக்கிறது. நான் வெல்லம் எடுக்க உள்ளே போயிருக்கிறேன். கட்டி டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டி எடுக்கச் சற்று நேரமாகும். அதற்குள் அந்த இரண்டு வரியை எழுதிவிடுங்கள்.