சங்கரபாண்டியனின் மனத்தடை

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரமும் பூச்சிமருந்தும் விற்கிற சங்கரபாண்டியனுக்கு முப்பத்தொன்பது வயது, எண்பத்தாறு கிலோ எடை, ஒரு மனத்தடை. முதல் இரண்டையும் அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்றாவதைக் கேட்காத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டது என்று பதறிக்கொண்டு மருந்து வாங்க வந்தவர்கள்கூட, அவனுடைய மனத்தடையைப் பற்றிக் கால்மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. புழு அதுவரை சும்மா இருக்குமா என்பதெல்லாம் அவனுக்குக் கவலையில்லை.

விஷயம் இதுதான். ஊர் வாலிபால் அணியில் இருபது வருஷமாக ஆடுகிறவன் அவன். சர்வீஸ் போடுவதில் பேர் வாங்கியவன். அவன் முறை வந்தால் நாலைந்து பாயிண்ட் வரிசையாக விழும் என்று எதிரணிக்காரனே சொல்வான். அப்படிப்பட்ட கை, போன பொங்கலுக்கு நடந்த போட்டியில் மல்லாங்கிணறு அணிக்கு எதிராகக் காலை வாரிவிட்டது. நாலு சர்வீஸ் போட்டான். நாலும் நெட்டில் போய் விழுந்தன. நாலாவது பந்து நெட்டைக்கூட எட்டவில்லை, தரையில் உருண்டு போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். போட்டி நாள் தவிர மற்ற நாளில் அவன் பந்தைத் தொட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுவரில் கரியால் கோடு கிழித்து, ஒரு நாளைக்கு இருநூறு சர்வீஸ் போட்ட பையன்தான் அவன். ஆனால் ஊரில் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. "நமக்குக் கைவாக்குலே, பொறப்புலயே வந்தது" என்று அளந்துவிட்டிருந்தான். பிறப்பிலேயே வந்ததை முப்பத்தொன்பது வயதில் கண்மாய் மைதானத்தில் நின்று பழகினால் ஊர் என்ன நினைக்கும்? அதனால் பழகவில்லை. மானம் பெரிதல்லவா? அதைக் காப்பாற்ற அவன் இரண்டு வேளை புரோட்டாவும் ஒரு நாற்காலியும் மட்டும் போதும் என்று இருந்துவிட்டான்.

அன்றைக்குத் தோற்ற பிறகு கேப்டன் மருதுபாண்டி வந்து, என்னலே ஆச்சு என்று நேருக்கு நேராகக் கேட்டான். பழகவில்லை என்று சொல்வதற்குத்தான் சங்கரபாண்டியன் வாயைத் திறந்தான் என்று நாம் நம்பலாம். வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்த ஆளு விழுந்ததப் பாத்ததுல இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுலே. கை வர மாட்டேங்குது."

ஆள் விழுந்தது உண்மை. அதே ஆட்டத்தில், அவன் சர்வீஸுக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால், இவர்கள் அணியின் காசிராஜன் எம்பி அடித்த அடி மல்லாங்கிணறு ஆட்டக்காரர் ஒருவரின் நெற்றிப்பொட்டில் பட்டுவிட்டது. மனிதர் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்து அருப்புக்கோட்டைக்கு எடுத்துப் போனது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார், மாசியில் மறுபடி ஆட வந்துவிட்டார். ஆனால் அவர் விழுந்த நேரத்தில் சங்கரபாண்டியன் எங்கே இருந்தான் தெரியுமா? மாற்று ஆளை இறக்கிவிட்டு மைதானத்து ஓரத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் மறைத்ததால் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் போனில் தேடிப் பார்த்தான். இந்த மாதிரி கை வராமல் போவதற்கு மனத்தடை என்று ஒரு பேர் இருந்தது. உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அது வருமாம். சங்கரபாண்டியனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பணக்காரனுக்கு வருகிற வியாதி தனக்கும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட ஏழையைப் போல அவன் பூரித்துப்போனான்.

அதிலிருந்து அணியில் அவனுக்கு ராஜ உபசாரம். அவன் சர்வீஸ் போடப் போனால் யாரும் இருமக்கூடாது. போனை அமர்த்த வேண்டும். பங்குனியில் பந்தல்குடியில் நடந்த போட்டியில் ஏழு சர்வீஸை நெட்டில் அடித்தான். ஏழுக்கும் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். எட்டாவதையும் அடித்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

காசிராஜனுக்கு அந்த உபசாரம் கிடைக்கவில்லை. லோடு வண்டி ஓட்டுகிறவன், பனை உயரம், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். பொங்கலுக்குப் பிறகு அவன் ஆட்டமும் படுத்துவிட்டது. பந்தைத் தூக்கிக் கொடுத்தால் முன்போலவே எம்புவான், கை ஓங்கும், பிறகு பாதியில் அப்படியே நின்றுபோகும். பந்தைச் சும்மா தொட்டு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இறங்குவான். மருதுபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி வண்டி என்று சுற்றினால் ஆட்டம் எங்கே வரும், பழகு பழகு என்று எல்லோர் முன்னாலும் ஏசுவான். காசிராஜன் சரி என்று தலையாட்டுவான். மறுநாள் விடிந்தும் விடியாமலும் கண்மாய்க்குள் தனியாக நின்று பந்தைத் தானே தூக்கிப் போட்டு அடித்துக்கொண்டிருப்பான். கடை திறக்கப் போகும் வழியில் சங்கரபாண்டியன் தினமும் அதைப் பார்ப்பான். ஆள் இல்லாத நெட்டுக்கு மேலே அந்த அடி இடி மாதிரி விழும்.

பழகாத இவனுக்கு மனத்தடை என்று பேர். தினம் பழகுகிற அவனுக்குப் பயிற்சி இல்லை என்று பேர். இது சங்கரபாண்டியனுக்குப் புரியாமலா இருந்தது? புரிந்தது. புரியாத மாதிரி பைக்கை ஓட்டிக்கொண்டு போவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவன் கதை எடுபடாத ஒரே இடம் வீடு. மனைவி தங்கலட்சுமி ஒரு நாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "மனசுல அடைப்பு இருக்கட்டும். கடைசியா எப்பப் பந்தத் தொட்டீக? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். இவன் உலக ஆட்டக்காரர்களை இழுத்துப் பேசினான். "படிக்காத பிள்ளைக்குப் பரிச்ச அன்னைக்கு வயித்து வலி வரும். ஒங்களுக்கு வந்திருக்கது அதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குப் போய்விட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, பேசியதோடு விடவில்லை அவள். ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு மானாவாரி நிலம் உண்டு. வெயில் காலத்தில் வெறுமனே வெடித்துக் கிடக்கும், அந்தப் பக்கம் ஆடுகூட வராது. அங்கே இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே நைலான் கயிறு கட்டித் தன் பழைய சேலை ஒன்றை நெட்டாகத் தொங்கவிட்டாள். வைகாசி பிறந்த அன்று காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினாள். முதல் நாள் முப்பது சர்வீஸ். இருபத்தொன்பது சேலையில். ஒன்று மட்டும் தாண்டியது, அதுவும் கருவேலஞ் செடிக்குள் விழுந்து முள் குத்திப் புஸ்ஸென்று போயிற்று. அன்று பகல் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பவில்லை. குனிந்து, வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனான்.

நாற்பது நாள். அவள் பந்தெடுத்துப் போட இவன் அடித்தான். இடுப்புச் சதை ஒரு பிடி குறைந்தது. பந்து சேலைக்கு மேலே போக ஆரம்பித்தது, பிறகு நினைத்த மூலையில் விழ ஆரம்பித்தது. மனத்தடை எந்த நாளில் கிளம்பிப் போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. இருந்தால்தானே சொல்லிக்கொண்டு போகும்?

ஆடிப் பொங்கல் போட்டியில் பதினோரு சர்வீஸ் போட்டான். ஒன்றுகூட நெட்டைத் தொடவில்லை. கோப்பை ஊருக்கு வந்தது. மருதுபாண்டி அவனைக் கட்டிப்பிடித்து, எப்படிலே சரியாச்சு என்று கேட்டான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? கோப்பை கையில், கூட்டம் சுற்றி, என்ன சொன்னாலும் சிரித்திருப்பார்கள். பாவி மனுஷன், மதுரையில் ஒரு டாக்டர் என்று ஆரம்பித்தான். அண்ணா நகரில் மெடிக்கல் கடைக்கு மேலே மாடி, போர்டுகூட வைக்க மாட்டார், தெரிந்தவர்கள்தான் போவார்கள், ஆறு தடவை போனேன், கண்ணை மூடச் சொல்லிப் பேசியே சரிபண்ணிவிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போனான். மெடிக்கல் கடை எதற்கு, போர்டு எதற்கு? யாரும் கேட்கவில்லை. பொய் நன்றாக வரும்போது அவனால் நிறுத்த முடியாது.

அதே கூட்டத்தில் மருதுபாண்டி இன்னொன்றும் சொன்னான். ஆயுத பூஜைப் போட்டிக்குக் காசிராஜன் வேண்டாம், வேறு ஆள் பார்ப்போம் என்றான். காசிராஜன் நெட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தவன், மடித்து முடித்து மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு காலையில் கண்மாய்க்குள் பந்துச் சத்தம் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை உச்சிவெயிலில் காசிராஜன் கடைக்கு வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உர மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"மாப்ள, அந்த டாக்டரு இருக்காகள்ல. மாடிக்கு எந்தப் பக்கமாப் போகணும்?"

சங்கரபாண்டியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தான்.

"சனிக்கெழம போயிருந்தேன். அண்ணா நகர்ல மூணு மெடிக்கல் கடை மாடியும் ஏறிப் பாத்துட்டேன். ஒண்ணுல டியூசன் நடக்குது. ஒண்ணு தையக்கட. இன்னொண்ணு வீடு, அந்தம்மா ஒக்கார வச்சுத் தண்ணி குடுத்துச்சு. நாந்தான் தப்பாத் தேடியிருப்பேன்."

அவன் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி சங்கரபாண்டியன் கேட்டதில்லை. அதோடும் நிற்கவில்லை. ஆட்டம் போனால் போகிறது என்றான். இப்போது வண்டி ஓட்டும்போதும் அது வருகிறதாம். ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் அந்த மனிதர் சாய்ந்தது கண்ணுக்குள் வருகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே நின்றுபோகிறது என்றான். மதுரைக்கும் அதனால்தான் பஸ்ஸில் போனானாம். போன வாரம் பாலையம்பட்டிப் பக்கம் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதாமல் மயிரிழையில் தப்பியதைத் தன் வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை என்றான்.

டாக்டர் வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து தயாராக நின்றது. எந்த நாடு என்பதுகூட முடிவாகிவிட்டது. சங்கரபாண்டியன் தன் வாயை நினைத்து முதல்முறையாகப் பயந்தான்.

"டாக்டரே கெடையாது மாப்ள."

காசிராஜன் சுரண்டுவதை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் பழகல, அம்புட்டுதான். எங்க நெலத்துல சேலையக் கட்டி, அவ பந்தெடுத்துப் போட நாப்பது நாள் அடிச்சேன். கை வந்துருச்சு. அந்த ஆளு விழுந்தத நான் பாக்கக்கூட இல்ல. அது ஒன்னோடது. நான் எடுத்துச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அந்தக் கை ஓங்கினால் முழுசாக இறங்கட்டும் என்று கண்ணாடியைக்கூடக் கழற்றி மேஜையில் வைத்தான். காசிராஜன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

"நல்லதுப்பா" என்றான் காசிராஜன். மூச்சை விட்டான். "தூக்கம் வராமக் கெடக்கப்பல்லாம், பாவம் சங்கரபாண்டியும் இந்நேரம் இப்படித்தான் முழிச்சுக் கெடப்பான்னு நெனச்சுக்குவேன்."

சங்கரபாண்டியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஏழு மாதமும் அவன் ஒரு நாள்கூட முழித்துக் கிடந்ததில்லை. குறட்டை தாங்காமல் தங்கலட்சுமிதான் முழித்துக் கிடந்தாள். இந்த மனிதன் தனக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பூச்சிமருந்து நெடி என்று சொல்லப் பார்த்தான், சொல்லாமல் விட்டான்.

உடனே மருதுபாண்டிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் கொட்டினான். டாக்டர் பொய், மனத்தடை பொய், உண்மையில் அது காசிராஜனுக்குத்தான் இருக்கிறது, அவனை அணியை விட்டு எடுக்காதே என்றான். மருதுபாண்டி உருகிப்போய், காசிக்காக உன்னையே பொய்யன் என்று சொல்லிக்கொள்கிறாயே, இந்த மனசு யாருக்கு வரும் என்றான். இல்லலே, நெசமாத்தான் என்று இவன் கத்தக் கத்த, அவன் பாராட்டிக்கொண்டே போனை வைத்துவிட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உண்மை பேசினான், அதற்கும் நல்ல பேர்தான் கிடைத்தது. காசிராஜனுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், காசிராஜனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுடைய லோடு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனான். மனநல டாக்டர் வருகிற நாள் எது என்று முன்னாடியே விசாரித்திருந்தான். சீட்டு எழுதுகிற இடத்தில் நல்ல கூட்டம். பின்னால் சொந்த ஊர்க்காரர்களே நாலு பேர் நின்றார்கள். காசிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான்.

முறை வந்தது. சீட்டு எழுதும் பெண் தலையை நிமிர்த்தி, இரண்டு பேரையும் பார்த்து, மனநலப் பிரிவுச் சீட்டு யாருக்கு என்று கேட்டாள்.

பழக்கத்தில் சங்கரபாண்டியனுக்கு வாய் திறந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டான்.

"எனக்குத்தாம்மா" என்றான் காசிராஜன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் அவன் பேரைக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.