ஓடைக்கரைப் பாதை

"பெட்டியை மூடலாமா?" என்று போதகர் கேட்டபோது, ஆஸ்லின் முற்றத்து ஓரத்தில் அண்ணனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"பைபாஸ் வழியாவே போவோம்ணே. தூரந்தான், பரவால்ல."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வெயிலு மண்டையப் பொளக்கு. நல்லக்கண்ணு அண்ணாச்சி அவராவே வந்து கேட்டைத் திறந்து விடுதேன்னு சொல்லுதாரு. வேண்டாம்னு எவனாவது சொல்லுவானா?" என்றான் ஜெஸ்டின்.

நல்லக்கண்ணு பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் கிடந்த மாலைகளில் அவர் கொண்டுவந்ததுதான் பெரியது. காலனிக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மஹாலும், அதன் கீழ்த்தளத்துக் கடைகளும் அவருடையவை. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஓடைக்கரைப் பாதையையும் கம்பிவேலிக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் காலனிக்காரர்கள் காலங்காலமாக நடந்த பாதை அது. இப்போது பிள்ளைகள் பைபாஸில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அப்பா எபநேசர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனுப் போட்டார், தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆஸ்லினும் லீவு போட்டுவிட்டு அவர் கூடவே அலைந்தாள். சர்வேயர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். முதல் கையெழுத்துப் போட்ட பக்கத்துவீட்டுக் கொம்பையாவின் மகனுக்கு மஹாலில் வயரிங் வேலை கிடைத்தது. அதோடு அவருக்கு ஓடைப்பக்கம் பார்வையே மங்கிவிட்டது.

எபநேசர் மட்டும் தினமும் விடிந்ததும் காலனிப் பக்கத்துக் கதவு வரைக்கும் போவார். "ஓனர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க சார், நான் திறந்து விடுதேன்," என்பான் வாட்ச்மேன் இசக்கிதுரை. "நம்ம வழியில போக அவன்ட்ட எதுக்குலே கேக்கணும்?" என்று இவர் திரும்பிவிடுவார். அந்த ஒரு வார்த்தையைச் செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. நேற்றும் அப்படித்தான் போய்விட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மனைவி ரத்தினம் செம்போடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

"நாளைக்கு தாலுகா ஆபீஸ்ல அண்ணாச்சி என்ன சொல்லுவாரு தெரியுமா? எபநேசரு பெட்டியே என் பெர்மிஷன்லதான் போச்சும்பாரு. அப்பா ஒரு நாளாவது கேட்டாவளா?" என்றாள் ஆஸ்லின்.

"அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். அப்பாவ நிம்மதியா அனுப்புவோம்."

ஜெஸ்டின் காலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு எல்லாமே பொறவுதான்.

"சாவு வீட்டுல பிடிவாதம் பிடிக்கக் கூடாதும்மா," என்றார் கொம்பையா.

ஆஸ்லின் அம்மாவைப் பார்த்தாள். ரத்தினம் பெட்டி விளிம்பில் கை வைத்தபடி நின்றாள். எதைக் கேட்டாலும் "உங்கப்பாட்ட கேளு" என்று சொல்லியே பழகியவள். இப்போது யாரைக் கைகாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியை மூடினார்கள்.

இரும்புக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. நல்லக்கண்ணு முன்னால் போய் நின்று, கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்பது போல, "வாங்க, இப்படி வாங்க" என்று கை காட்டினார். அவருடைய ஆள் ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். ஜெஸ்டின் கும்பிட்டான். பாட்டுப் பாடிக்கொண்டே எல்லோரும் நுழைந்தார்கள். பெட்டியிலிருந்து உதிர்ந்த ரோஜாவும் செவ்வந்தியும் பாதை நெடுகக் கரிசல் மண்ணில் விழுந்துகொண்டே வந்தன. அப்பா இத்தனை நாள் நடக்க முடியாத பாதையில் இன்றைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆஸ்லினுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாதிச் சண்டையில் இந்த ஆட்களிடம் தன்னை விட்டுவிட்டுப் போன அப்பாவின் மேலும்தான்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோது கல்லறைப் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது.

"இசக்கிதுரை, திறங்க," என்றான் ஜெஸ்டின்.

"போகும்போது மட்டுந்தான் திறக்கச் சொன்னாவ சார். சாமானெல்லாம் கிடக்குல்லா?"

"எல்லாரும் வெயில்ல நிக்காங்க. தெரியலயா?"

"தெரியுது சார். திறந்தா என் வேல போயிரும். ஓனர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

ஜெஸ்டின் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. கொம்பையா தன் போனிலிருந்து அடித்தார். "கட் பண்ணுதாரே..." என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். ஓடைக்கரையில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. கறுப்புக் குடைகளின் கீழ் மூன்று நான்கு பேராய் நெருங்கி நின்றார்கள். எல்லோரும் ஆஸ்லினைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் இருந்தார்கள். அவள் சொல்வதற்கு நிறைய இருந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்த அண்ணனைப் பார்த்ததும் எதையும் சொல்ல மனசு வரவில்லை.

ஜெஸ்டின் மறுபடியும் எண்ணை அழுத்தப் போனான்.

"ஏலே," என்றாள் ரத்தினம். நேற்றிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். "உள்ள வையி போன. கேக்காத."

"இல்லம்மா, ஒரு நிமிசந்தான்..."

"கேக்காதன்னேன்."

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பைபாஸ் பக்கமாகத் திரும்பி நடந்தாள். ஜெஸ்டின் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் பின்னால் போனான். போதகர் போனார். கொம்பையா கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவரும் போனார்.

ஆஸ்லின் கடைசியாகக் கிளம்பினாள். திரும்பிப் பார்த்தபோது, வேலியின் அடிக்கம்பியில் நுழைந்து உள்ளே போயிருந்த வெள்ளாடு ஒன்று, பாதையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகத் தின்றபடி வீட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.