முதலாளி நிற்கிற தூரம்

விடிந்தும் விடியாத நேரத்தில் ரோடு பெருக்குவது என்றால் சும்மா விளக்குமாற்றை வீசிவிட்டுப் போவதல்ல. வெயிலிலும் லாரிச் சக்கரத்திலும் அடிபட்டு, வெளுத்துச் சாம்பல் பூத்துப்போன பழைய தார் ரோடு அது. முகமெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் குந்தியிருக்கும் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் நோண்டி, விளக்குமாற்றால் தள்ளி, அப்படியும் போகாததை வாயால் ஊதி எடுக்க வேண்டும். தூசி இருந்தால் தார் ஒட்டாது. தார் ஒட்டாவிட்டால் மேலே தூவுகிற பொடி ஜல்லி நிற்காது. ராத்திரி பெய்த மழையில் அந்த மண் சேறாகி இன்னும் அழுத்தமாகப் பிடித்திருந்தது. பெண்கள் வரிசையாகக் குந்தித் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். குழாய்க்காரனின் தங்கை எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். அவள் தேய்த்த தேய்ப்பில் ரோட்டுக்கே வலித்திருக்கும்.

குழாய்க்காரன் என்றால், காய்ச்சிய தாரை நீளக் குழாயால் ரோட்டின் மேல் மெல்லிசாகப் பீய்ச்சுகிறவன். முழு ரோட்டையும் பெயர்த்துப் போடுவதற்குப் பதிலாக இப்படி ஒரு தோல் போர்த்திவிட்டால், கிழட்டு ரோடு இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும். அவன் மண்ணெண்ணெய்த் துணியால் குழாயின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைதான் துடைத்தது. கண் தார்ப் பீப்பாய்களை விட்டு நகரவில்லை.

பீப்பாய்கள் மூடியில்லாமல் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மழைத் தண்ணீர் தேங்கி, கறுத்த கண்ணாடி மாதிரி மேகத்தைக் காட்டியது. பக்கத்தில் தார் காய்ச்சும் கொப்பரை சக்கரத்தின் மேல் குளிர்ந்து கிடந்தது. அதன் வாய்க்கு நேர் கீழே, தரையில் மணல் கொட்டியிருந்தார்கள். போன வாரம் கொட்டியது. அந்த மணலை யாரும் மிதிப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

அந்த இடத்தில்தான் அவன் மச்சான், தங்கையின் புருஷன், வெந்து விழுந்தான்.

மச்சான் அடுப்புக்காரன். முன்பெல்லாம் நடுராத்திரியிலேயே வந்து, பீப்பாய்க்குப் படுதா போர்த்தி, கொப்பரையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், சின்னத் தீயில் தாரை உருக்குவான். தாருக்குள் தண்ணீர் ஒளிந்திருந்தால் மெள்ள மெள்ள முனகி வெளியே போய்விடும். பிறகுதான் விறகைக் கூட்டுவான். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. ராத்திரி வேலைக்குத் தனிச் சம்பளமா, காலையில் வந்து பெருந்தீ போட்டால் கொதிக்காதா என்றார். படுதாவையும் தன் புது வீட்டுச் சிமெண்ட் மூட்டைக்குப் போர்த்த எடுத்துக்கொண்டு போனார். மனுஷனுக்கு மேலே தார் பொங்கினாலும் பரவாயில்லை, சிமெண்ட் நனையக்கூடாது பாருங்கள்!

அன்றைக்கும் இப்படித்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாருக்கும் பீப்பாய்த் தகரத்துக்கும் நடுவில் இறங்கிய தண்ணீர், தாரோடு கொப்பரைக்குள் போய், பெருந்தீயில் ஒரே மூச்சாகக் கொதித்தது. பால் பொங்குவது போலக் கொப்பரை பொங்கி, வாய் தாண்டி, தீயில் வழிந்து, பற்றிக்கொண்டது. மச்சானுக்குத் திரும்பி ஓடக்கூட நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் தலை முதல் இடுப்பு வரை துணி சுற்றிக் கிடந்தான். குழாய்க்காரன் போய் நின்றதும், "மச்சான், மீசை இருக்கா பாத்துச் சொல்லு. உன் தங்கச்சி கேட்டா பொய் சொல்லாத" என்றான். சிரித்துவிட்டு வெளியே வந்த குழாய்க்காரன் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். முதலாளி எட்டிப் பார்க்கவில்லை.

"என்னப்பா, மூக்கையே தொடச்சிட்டு இருக்க?" மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். "இன்னைக்கு அடுப்பும் நீதான். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு முதலாளி உத்தரவு."

"பீப்பாயைப் பாத்தீங்களா அண்ணே?"

"தண்ணியச் சாய்ச்சு ஊத்திடு."

"மேல நிக்கிறது போகும். உள்ள இறங்கினது? ராத்திரி வரைக்கும் சின்னத் தீ போட்டுக் காய வைக்கலாம். நாளைக்கு வேலை பாக்கலாம். இப்பவே பெருந்தீன்னா நான் மாட்டேன்."

அவனுக்குப் பயம்தான். பயமில்லை என்று யார் சொன்னது? மச்சான் கத்திய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

முதலாளியின் கார் வந்து நின்றது. மேஸ்திரி ஓடிப்போய்க் குனிந்து ஏதோ சொன்னார். முதலாளி இறங்கி, சேறு படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார்.

"என்னடா, பயமா இருக்கா?"

"ஆமாங்க."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. "அது ஒரு ஆக்ஸிடெண்ட். அவன் கவனமா இல்ல. அதுக்காக ஊர்ல ரோடே போடாம விட்டுடுவாங்களா?"

"போடலாம். படுதா குடுங்க, ராத்திரிக்கு ஆள் குடுங்க, போடலாம்."

"எனக்கே பாடமா? இஷ்டம்னா நில்லு, இல்லேன்னா நடையக் கட்டு. ஒரு லாரி ஆள் கொண்டு வர எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றவர், பெருக்குகிற பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதானே அடுப்புக்காரன் பொண்டாட்டி? அவன் எடம் காலியாத்தான் கெடக்கு. விறகை வெச்சுக் கொளுத்துறதுக்குப் படிச்சா வந்திருக்கணும்? நீ பத்த வை. அவன் சம்பளம் உனக்கு."

தங்கை கம்பி பிரஷ்ஷைக் கீழே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சரிங்க" என்றாள்.

குழாய்க்காரன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். "உனக்கென்ன பைத்தியமா? அவன் கெடக்குறது போதாதா?"

"கைய விடுண்ணே. மருந்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நீ வாங்கித் தருவியா?"

அவன் கை தானாக விட்டது. ஒரு அண்ணன் வாழ்க்கையில் அப்படி நிற்கக்கூடாது. நின்றான்.

அவள் மேஸ்திரியிடம் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிற அந்த மணலைச் சுற்றாமல், அதன் மேலேயே மிதித்து ஏறி நின்றாள். கொப்பரையில் அந்த ஈரத் தாரையே அடைத்து, விறகு செருகி, எண்ணெய் ஊற்றி, மேஸ்திரி முன்னமே தயாராக வைத்திருந்தார். தூரத்தில் வானம் ஒருமுறை உறுமியது. அவள் குச்சியை எடுத்தாள். உரசப் போனவள், என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி அவ்வளவு நேரம் நின்ற இடத்தில் இல்லை. கார் வரைக்கும் பின்வாங்கி, காருக்கு அந்தப் பக்கம் போய், தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க முதலாளி, அங்க ஏன் போயிட்டீங்க?"

"பொ... பொகை வரும்ல."

"இன்னும் பத்தவே வெக்கலையே?"

பெருக்குகிற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கொப்பரையைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள், நடுவில் கிடந்த வெற்று ரோட்டைப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று அவர் வாய் சொன்னது. கால் வேறு சொல்லிவிட்டது.

தங்கை குச்சியைப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டியை இடுப்பில் செருகினாள். மணலை விட்டு இறங்கி நேராக நடந்துபோய், காரைச் சுற்றி, முதலாளியின் பக்கத்தில் நின்றாள்.

"இங்கதான் நல்ல எடம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நானும் இங்கயே நிக்கிறேன்."

"ஏய், என்ன வெளையாட்டா? போய் வேலையப் பாரு!"

"வேலை பாக்கத்தாங்க வந்தேன். சாக வரல. நீங்க வந்து அந்த மணல் மேல நில்லுங்க. நான் இப்பவே பத்த வெக்கிறேன்."

குழாய்க்காரன் குழாயை ரோட்டில் கிடத்திவிட்டு நடந்தான். போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றான். இத்தனை நேரம் தனக்கு வராத வார்த்தையை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்போது ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்த ரோலர் இன்ஜின் நின்றது. வேலைக்கு வந்த நாளாக வாயே திறக்காத ரோலர்க்காரருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "அன்னைக்கு அடுப்புக்காரப் பையன் கத்துனப்போ நான் இன்ஜினை நிறுத்தியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். வந்து நின்றுகொண்டார்.

பெண்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள். ஜல்லி தூவுகிறவர்கள் இரும்புச் சட்டியோடு வந்தார்கள். முதலாளி இரண்டடி தள்ளிப் போனார். அவர்களும் இரண்டடி தள்ளி வந்தார்கள். அவர் இன்னும் தள்ளினார். அவர்களும் தள்ளினார்கள். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. அவர் நிற்கிற தூரத்தில் நின்றார்கள், அவ்வளவே. கடைசியில் அவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

குழாய்க்காரன் கண்ணாடியைத் தட்டினான். "படுதா வேணுங்க. ராத்திரிக்கு ஆள் வேணும். மச்சான் ஆஸ்பத்திரிச் செலவு உங்களுது. அதுவரைக்கும் இந்தக் கொப்பரை பத்தாது."

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. "ஒரு மணி நேரம். வேற ஆள் இறங்குவான். அப்புறம் உங்களுக்கு எங்கயும் வேலை கெடைக்காதபடி செய்றேன் பாரு."

கார் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. மேஸ்திரி மட்டும் கொப்பரைக்கும் கூட்டத்துக்கும் நடுவில், அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் வர முடியாமல் தவித்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரியண்ணே, நடுவுல நின்னா ரெண்டு கையில ஒண்ணுதான் வேகும்னு நெனப்பா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். நகரவில்லை.

மேகம் இறங்கி ரோடே இருண்டுவிட்டது. காற்றில் ஈரமும் மண்ணெண்ணெயும் கலந்து அடித்தது. வேலை போய்விட்டதா, போகப்போகிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. குழாய்க்காரனுக்கு வீட்டு நினைப்பு வந்தது.

"நிஜமாவே கொளுத்தியிருப்பியா?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. "கொளுத்தத்தான்ணே போனேன்" என்றாள்.

வளைவில் லாரிச் சத்தம் கேட்டது. வண்டி நிறைய ஆட்கள், தலையில் துண்டு கட்டி, நின்றபடி வந்துகொண்டிருந்தார்கள். ஜல்லிச் சட்டி வைத்திருந்த ஒருவன் பல்லைக் கடித்தான். "வரட்டும். எவன் அடுப்புல கை வெக்கிறான்னு பாக்குறேன்."

"சட்டியக் கீழ வை" என்றாள் தங்கை. "அவங்களுக்கு யாரு சொன்னா, பீப்பாய்ல தண்ணி இருக்குன்னு? அவங்களும் வீட்டுல யாரையோ விட்டுட்டுத்தான் வர்றாங்க. மொதல்ல அந்த மணலக் காட்டுவோம்."

லாரி வேகம் குறைந்தது. முதல் தூறல் விழுந்தது. அவள் இடுப்பில் தீப்பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அண்ணனை முழங்கையால் இடித்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வர்றவங்க நிக்க எடம் வேணும்ல."

எல்லோரும் தள்ளி நின்றார்கள்.