தொண்ணூறு கிலோ கூடுதல்

வலது தோள்தான் என்னை எழுப்பியது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கழுத்திலிருந்து காதுவரை இழுக்கும். இருபது ஆள் தின்னும் ஆட்டுக்கறிக் குழம்பை அடுப்பில் ஏற்றி இறக்கியே தேய்ந்த தோள். பத்தொன்பது வருஷம் ஆட்டுமயிர் கத்தரிக்கும் ஷெட்டுகளில் சமையல். டாக்டர் ஊசி போட்டுவிட்டு "ஓய்வு குடுங்க" என்றார். அந்த ஓய்வை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது என்று சொல்லவில்லை.

புரண்டு படுத்தேன். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. பழைய கேரவனில், அதாவது பிக்கப்பில் மாட்டி இழுக்கிற சக்கர வீட்டில், இப்படிப் புரண்டால் என் புருஷன் நெவிலின் விலா எலும்பு குறுக்கே வரும். இது புதியது, இருபத்திரண்டு அடி. கட்டிலைச் சுற்றி நடக்கலாம். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. துணி துவைக்கிற மிஷின்கூட இருக்கிறது. ப்ரோக்கன் ஹில் கேரவன் பார்க்கில் எங்கள் வரிசையில் இவ்வளவு பெரிய வண்டி வேறு யாரிடமும் இல்லை.

முந்தின சனிக்கிழமை நான் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, எங்கள் பதினான்கடி வண்டி நின்ற இடத்தில் இது நின்றது. விற்பனைக்காரனுடைய ஆள் இதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போயிருந்தான். நெவில் இடுப்பில் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு படியருகே நின்றான்.

"எப்படி? நீதானே சொன்ன, அந்தப் பெட்டிக்குள்ள மூச்சு முட்டுதுன்னு."

சொன்னேன்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. பெட்டி சின்னதாக இருப்பதைச் சொல்கிறேன் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"பழசு எங்க நெவ்?"

"அதக் குடுத்துட்டுத்தானே இத வாங்கினேன். மிச்சத்துக்கு முதுகுக் காசு."

முதுகுக் காசு என்றால் அவன் தண்டுவடத்தில் மூன்று தட்டு நசுங்கியதற்குக் கிடைத்த இழப்பீடு. முப்பது வருஷம் குனிந்து ஆடு கத்தரித்ததற்கு அவன் கையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அதை முழுசாக எனக்காகக் கொட்டிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அவனுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. போர்ட் அகஸ்டாவில் பள்ளிப் பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றுக்குச் சமையல்காரி தேவைப்பட்டாள். அதை நடத்துகிற வெர்னா ஒரு ஷெட்டில் என் கையால் சாப்பிட்டவள். சமதளமான தரை, இடுப்பு உயரத்தில் மேடை, அண்டா தூக்க இரண்டு ஆள், சனி ஞாயிறு லீவு. சமையலறைக்குப் பின்னால் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு சந்து, தண்ணீர்க் குழாயும் கரண்டும் இருக்கிற சந்து. பதினான்கடி வண்டி அதில் கச்சிதமாக நிற்கும். அந்த வண்டியை யார் துணையும் இல்லாமல் நானே பிக்கப்பில் மாட்டி இழுத்துப் போவேன். நெவில் அடிலெய்டில் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று நான் கணக்குப் போடவில்லை.

வண்டி மாறிப்போன மறுநாள் துணி துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் வெர்னாவுக்குப் போன் போட்டேன்.

"இருபத்திரண்டு அடியா? அய்யோ, அந்தச் சந்துல மூக்குகூட நுழையாதே கோரல். சரி, மாடியில ஒரு ரூம் இருக்கு. ஒத்தக் கட்டில். ஒரு பெட்டியோட வந்து எறங்கு. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிடணும், அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் முழுக்க வண்டி கட்டும் வேலைதான். அடுத்த திங்கட்கிழமை வடக்கே கூரலா பண்ணையில் கத்தரிப்பு ஆரம்பம். வழக்கம்போல நான்தான் சமையல். எலக்ட்ரீஷியன் வந்து, பிக்கப்பில் இருந்தபடியே கேரவனின் பிரேக்கைப் பிடிக்கிற பெட்டியை மாட்டினான். பின்னால் வருவது தெரிய வேண்டும் என்று யானைக் காது மாதிரி இரண்டு கண்ணாடி. பழைய கொக்கி இந்தப் பாரத்துக்குத் தாங்காது என்று கனமான கொக்கியும், முன்பாரத்தைப் பிரித்துவிடுவதற்கு இரண்டு நீளக் கம்பியும் வந்தன. அந்தக் கம்பியை நெம்பி சங்கிலியில் மாட்ட வேண்டும். என் தோளால் முடியவில்லை. நெவில் குனியவே கூடாது. எதிர்ச் சாரியில் இருக்கும் கிளிஃப் வந்து மாட்டிக் காட்டினான்.

"ரெண்டு பேர் செய்யிற வேலை இது. ஒருத்தர் நெம்பணும், ஒருத்தர் மாட்டணும். உங்க ரெண்டு பேரையும் ஒட்டினா ஒரு முழு ஆள் தேறும், கவலப்படாதீங்க" என்றான்.

நெவில் சிரித்தான். "கேட்டியா கோரல்? நீ இல்லாம நான் இல்ல, நான் இல்லாம நீ இல்ல."

பின்னால் தள்ளிப் பழகியது புதன்கிழமை. வலிமாத்திரை போடுவதால் நெவில் ஓட்டக் கூடாது, அதனால் எப்போதும் நான்தான் ஓட்டுவது. கேரவன் பார்க்கில் யாராவது வண்டியைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்றால் சினிமா மாதிரிதான். நாற்காலி, பீர் எல்லாம் வெளியே வந்துவிடும். நெவில் பின்னால் நின்று இரண்டு கையையும் விமானம் இறக்குகிறவன்போல ஆட்டினான்.

"இடது! இடது! உன் இடது இல்ல, என் இடது!"

"நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கிற?"

"உன்னைத்தான் பாத்து நிக்கிறேன், வேற யாரப் பாக்க?"

"அது போதும்டா சாமி" என்று கிளிஃபின் மனைவி கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். குழாய்க் கம்பத்துக்குக் கையளவு இடைவெளியில் நிறுத்தினேன். முதுகு நனைந்திருந்தது. முன்னால் தெரிவதைவிடக் கண்ணாடியில் தெரிந்தது பெரிதாக இருந்தது. வெள்ளைச் சுவர் ஒன்று என்னைத் துரத்தி வருவதுபோல.

எடை போட்டாயா என்று கேட்டது கிளிஃப்தான். வடக்குச் சாலையில் போலீஸ் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். பிக்கப், கேரவன், சாமான், ஆள் எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அபராதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடையாது. வியாழக்கிழமை காலை சமையல் பாத்திரம், மாவு மூட்டை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிரப்பிக்கொண்டு, ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்து எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். அங்கே கூண்டுக்குள் ட்ரூடி உட்கார்ந்திருந்தாள். எங்களை அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரியும்.

"எறங்காதீங்க, ஆளும் கணக்குல உண்டு" என்று ஜன்னல் வழியே கத்தினாள். பிறகு எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "தொண்ணூறு கிலோ கூட."

"என்னது?" என்றான் நெவில்.

"தொண்ணூறு. கோரல், உன் எடை எவ்வளவு? வெக்கப்படாம சொல்லு, நான் தினமும் செம்மறியாடு நிறுக்கிறவ."

"எழுபது."

"நீ எறங்கினா பத்தாது. நெவ், நீ?"

"நூத்தி நாலு."

"அப்ப முடிஞ்சுது. இவன இங்கயே எறக்கிவிட்டுட்டு நீ கெளம்பு. சட்டப்படி சுத்தம்!"

ட்ரூடி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நெவிலும் வயிறு குலுங்கச் சிரித்தான். குலுக்கலில் முதுகு பிடித்துக்கொள்ள, சிரித்தபடியே முனகினான். முனகிக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு அந்தப் பக்கம் சாலை காலியாகக் கிடந்தது.

அவன் சிரிப்பும் நின்றது. "சாமானைக் கொறச்சுடலாம்" என்றான் மெதுவாக.

பார்க்குக்கு வந்ததும் மடக்கு மேசையை வெளியே போட்டான். ஒவ்வொரு பெட்டியாக என்னை எடுத்துத் தரச் சொன்னான். நான் முதலில் என் பெரிய அண்டாவை எடுத்தேன்.

"அதத் தொடாத. அதுதான் நமக்குச் சோறு. என்னுதை எடு."

மீன்பிடிக் கம்பிகள், கறி சுடும் அடுப்பு, கருவிப் பெட்டி எல்லாம் வெளியே வந்தன. நான்கு ஷெட்டுகளில் அவன் போட்டியில் ஜெயித்த கோப்பைகளும் வந்தன. கடைசியாக, கத்தரிப்புக் கைமிஷின் இரண்டு, அதில் மாட்டுகிற வெட்டுச் சீப்புகள், அவற்றைச் சாணை பிடிக்கிற இயந்திரம். இனி அவன் ஓர் ஆட்டைக்கூடக் கத்தரிக்கப்போவதில்லை. அது தெரிந்தும் நான்கு வருஷமாக எங்கே போனாலும் அந்தப் பெட்டியைக் கூடவே கொண்டுவந்தான். அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைப்பதற்கு நாங்கள் போட்ட சண்டைகள் எனக்கு மறக்காது.

"இது இருக்கட்டும் நெவ். தண்ணிய வடிச்சா நூறு கிலோ போயிடும்."

"கூரலாவுல கெணத்துத் தண்ணி உப்பு. உனக்கு வயித்துக்கு ஆகாது. வடிக்காத." மேசையில் வைத்துவிட்டுக் கிளிஃபைக் கூப்பிட்டான். "மாப்ள, வந்து எடுத்துக்க. ஒரு பெட்டி பீர் குடு, கணக்குத் தீந்துது."

"டேய், சாணை மிஷினையா குடுக்குற? செத்தாகூடக் குழிக்குள்ள கொண்டு போவேன்னியே?"

"குழிக்கும் எடை பாக்குறாங்களாம்."

கிளிஃப் என்னைப் பார்த்தான். நான் டீ போடுகிறவள் மாதிரி உள்ளே போனேன். அகலமான புது அடுப்படியில் நின்றேன். இப்போது சொல்லிவிடலாம். இனிமேல் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடும். கதவுக்கு வந்தேன்.

"நெவ், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உன் தையல் மிஷின்தானே? அது இருக்கட்டும். கணக்குப் பாத்துட்டேன், அதுக்கு எடம் இருக்கு." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். முகம் வலியில் வெளுத்திருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. "ரெண்டு பேருக்கும் எடம் பண்ணிட்டேன் கோரல்."

டீயைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலை திரும்ப எடைமேடை. எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தபோதும் எண் ஆறாயிரத்துக்குக் கீழேயே நின்றது. ட்ரூடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "போங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி." நெவில் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு ஆட்டினான்.

அங்கிருந்து சாலை இரண்டாகப் பிரியும். மேற்கே போனால் போர்ட் அகஸ்டா. வடக்கே போனால் கூரலா. நான் வடக்கே திருப்பினேன். யாரும் என் கையைப் பிடித்துத் திருப்பவில்லை.

முந்தின இரவு மழை. சாலையில் தார் இருக்கிற அளவுக்குத்தான் கெட்டி. அதற்கு இரண்டு பக்கமும் செம்மண் குழம்பு. சக்கரம் இறங்கினால் அச்சுவரை போய்விடும். பழைய வண்டியென்றால் எங்காவது ஒரு பண்ணை வாசலில் திருப்பிவிடுவேன். இதைத் திருப்ப வேண்டுமென்றால் லாரிகள் நிறுத்தும் இடம் வர வேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

முன்பலகையில் வைத்திருந்த போன் அடித்தது. பெயர் வெளிச்சமாக வந்தது. நெவில் முதுகுக்கு வைத்திருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தான்.

"யாரு வெர்னா?"

"ஒரு சமையல் விஷயம்."

"எடுத்துத் தரவா?"

"வேணாம். இந்தப் பாரத்தை வெச்சுக்கிட்டுப் பேச முடியாது."

அவன் போனை எடுத்தான். அடிக்கிறவரை கையிலேயே வைத்திருந்தான். பேசவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. நின்றதும், திரையைக் கீழ்ப்பக்கமாக வைத்துத் தொடைமேல் போட்டுக்கொண்டான்.

"திரும்பக் கூப்பிட்டுக்கலாம்" என்றான்.

"ம்."

"சீக்கிரம் கூப்பிடு. இன்னும் கொஞ்ச தூரம்தான், அப்புறம் சிக்னல் இருக்காது."

நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எதிரே வந்த மாட்டு லாரி ஒன்று காற்றை அடித்துக்கொண்டு கடந்தது. கேரவன் ஒரு தடவை ஆடிப் பின் அடங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கினானா, சும்மா மூடியிருந்தானா, தெரியாது. கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

கூரலாவில் ஐந்து வாரம் சமைத்தேன். அடுத்த ஷெட்டில் மூன்று. வெர்னாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்றுவரை பாக்கி.