பாதிச் சரக்குக்கு இடமில்லை

அட்டைப்பெட்டி ஆர்டரை ஒரே நாளில் அனுப்ப முடியாது. பசை காய வேண்டும். எங்கள் பட்டறையிலிருந்து பாதி முதலில் போகும், மீதி காய்ந்ததும் போகும். தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

கம்பெனிகள் கம்ப்யூட்டரில் ஆர்டர் அனுப்பப் பொதுவான முறை வகுக்கிறோம் என்று கூடிய குழுவுக்குத்தான் தெரியவில்லை. அவர்களுடைய வரைவில் பாதிச் சரக்குக்கு இடமே இல்லை. குறைந்து வந்தால் மொத்தமும் திருப்பப்படும். எங்களிடம் பெட்டி வாங்கும் சோப்புக் கம்பெனியின் மென்பொருளை ஈயடிச்சான் காப்பி அடித்துப் 'பொதுத் தரம்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்த மென்பொருளை விற்றவர்தான் குழுவின் தலைவர். என் அக்காவின் கணவரும் அவரே.

"அத்தான், பாதி டெலிவரிக்கு ஆர்டர் படிவத்துல ஒரு கட்டம் சேருங்க. இல்லேன்னா நான் பட்டறைய மூட வேண்டியதுதான்."

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா."

நானும் உறுப்பினராக இருந்த அந்தக் குழுவில் யாரும் கை தூக்குவதில்லை. "ஆட்சேபம் உண்டா?" என்று தலைவர் கேட்பார். வாய் திறக்காதவர்கள் சம்மதித்ததாக அர்த்தம். "நீங்க பேசுங்க, நாங்க இருக்கோம்" என்று டீ குடிக்கும்போது வீரம் பேசிய, என்னைப் போலவே சோப்புக் கம்பெனியை நம்பிப் பிழைக்கும் லேபிள்காரரும் பசைக்காரரும், எதிரே அதன் மேலாளரைப் பார்த்ததும் கப்சிப். நான் மட்டும் கத்தினேன். "பதிவு பண்ணிக்கிட்டோம்" என்றார் அத்தான். தரம் நிறைவேறியது.

புதுத் தரத்தில் வந்த முதல் ஆர்டருக்கே, பாதிச் சரக்கோடு போன என் வண்டியைச் சோப்புக் கம்பெனி வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். சாயங்காலம் அக்காவையும் கூட்டிக்கொண்டு அத்தான் பட்டறைக்கு வந்தார்.

"ஒரு ஆர்டர ரெண்டு முழு ஆர்டரா பிரிச்சுக் காட்ற மாதிரி ஒரு மென்பொருள் இருக்கு. போட்டுட்டா வண்டி திரும்பாது."

"இத எப்போ செஞ்சீங்க?"

"கூட்டத்துக்கு முன்னாடியே ரெடி." அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. "உனக்கு இலவசம். ஆனா மத்த பட்டறைக்காரங்க காசு கொடுத்து வாங்கத் தயங்குறாங்க. புதுத் தரம் வந்ததும் தொழில் சுலபமாயிடுச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். எதிர்த்தவளே சொன்னா எல்லாரும் வாங்கிடுவாங்க."

என் எதிர்ப்பையும் சரக்காக்கிவிட்டார் மனுஷர். காறித் துப்பலாம் போலிருந்தது.

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றாரு," என்றாள் அக்கா.

இயந்திரங்கள் ஓடவில்லை. வேலைக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தான் வீடியோ எடுக்கச் செல்போனை உயர்த்திப் பிடித்தார். அவர் கேட்டதைச் சொன்னேன்.

"முகத்துல சிரிப்பே இல்லையே. இன்னொரு தடவை சொல்லும்மா."

சிரித்துக்கொண்டே சொன்னேன்.